அண்ணன் இன்னும் போகல

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பெரியவன் எழுதுவது. நலம். நலமோ நலம். இவ்வளவு நலமாக நான் இருந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

நம் ஆபீசரை உன் வீட்டில் விட்டுவிட்டு வந்து இன்றோடு எட்டு நாள். நீ அவனைச் சின்னவன் என்றே கூப்பிட்டுக்கொள், எனக்கு அவன் ஆபீசர்தான். அவன் ஒப்புதல் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு டம்ளர்கூட இடம் மாறியதில்லை. இப்போது பார், காலை ஏழரை வரை தூங்குகிறேன். எழுந்ததும் நேரே போய்க் குழாயைத் திறக்கிறேன். யாரிடமும் அனுமதி கேட்காமல்! தண்ணீர் வருகிறது. அவ்வளவுதான் சமாசாரம். உலகத்தில் மற்ற எல்லோரும் இப்படித்தான் குளிக்கிறார்களாம். என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

எதிர்வீட்டு அம்மாள் கேட்டாள், "எங்க உங்க தம்பியக் காணோம்?" "அக்கா வீட்டுக்கு மாற்றல் ஆகிப் போயிட்டார்மா" என்றேன். "பிரமோஷனா?" என்றாள். அவளுக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான். அந்த வாய்க்குக் கீழ்வரிசைப் பல் செட் செய்து கொடுத்தவன் நான் என்பதால் முழுக் குற்றத்தையும் அவள் மேல் போட முடியாது.

இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. நாற்பத்தொரு வயது ஆளைத் தூக்கி நிறுத்திக் குளிப்பாட்டுகிற வேலையெல்லாம் இனி என்னால் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் உன்னிடம். வேறு எதுவும் இல்லை.

அவன் எப்படி இருக்கிறான்? சாப்பிடுகிறானா? கேட்டதாகச் சொல். இல்லை, சொல்லாதே.

பெரியவன்

*

ஜூன் 11

பெரியவனுக்கு,

முதல் வாரம் ஈரத்துண்டால் துடைக்கவாவது விட்டான். ஆறு நாளாக அதுவும் இல்லை, அவன் குளிக்கவே இல்லை. இதை உன் நகைச்சுவைக் கடிதத்துக்கு நடுவில் எங்காவது செருகிக்கொள்.

காலையில் பாத்ரூமுக்குக் கூட்டிப் போகிறேன். குழாய்க்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். "திறடா" என்றால் திறக்க மாட்டேன் என்கிறான். நான் திறந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். "சொல்லு" என்கிறான். என்னத்தைச் சொல்ல? சரி, ஏதோ பிரார்த்தனை போலிருக்கிறது, நல்ல பழக்கம்தானே என்று நான் தினமும் சொல்கிற பிரார்த்தனையை முழுசாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். முடிந்ததும் சொல்கிறான், "அக்கா, இது சாமிக்கு. குழாய்க்குச் சொல்லு."

அப்புறம்தான் புரிந்தது. குழாய்க்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று, பிரஷ்ஷுக்கு ஒன்று என்று நீ என்னென்னவோ கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறாய். அம்மா உட்கார்ந்து கும்பிட்ட வீட்டில் செருப்பைக் கும்பிட வைத்திருக்கிறாய். விவரம் தெரியாதவன் அவன், அவனை வைத்துக் கடவுளைக் கேலி செய்திருக்கிறாயே, உனக்குக் கூசவில்லையா? சின்ன வயதில் பிரார்த்தனை நேரத்தில் என் பின்னல்களை நாற்காலியில் கட்டிவைத்தவன்தானே நீ.

செவ்வாய்க்கிழமை என் வீட்டில் பிரார்த்தனைக் கூட்டம். பதினான்கு பெண்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது இவன் நடுவில் வந்து மின்விசிறியைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நின்றான். ஒருத்தி சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உன் வார்த்தைகள் எனக்கு வேண்டாம். 'அக்கா சொல்வதைக் கேள்' என்று அவனுக்கு இரண்டு வரி எழுது, படித்துக் காட்டுகிறேன்.

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

ஆபீசருக்கு மெமோ அனுப்பும் அதிகாரம் எனக்குக் கிடையாது. நான் கீழ்நிலை ஊழியன்.

கேலி என்கிறாய். நடந்ததைச் சொல்கிறேன், நீயே மதிப்பெண் போடு. அம்மா போன மறு வாரம் நீ ஊருக்குப் போய்விட்டாய். பள்ளிக்கூடத்தில் பரீட்சை, தலைமை ஆசிரியை இல்லாமல் எப்படி நடக்கும். நானும் அவனும் மட்டும். அம்மா குளிப்பாட்டினால்தான் குளிப்பான். நம் வீட்டுக் குழாய் உனக்குத் தெரியும், திறந்தால் கழுத்தை நெரித்த மாதிரி ஒரு கத்தல் கத்திவிட்டுத்தான் தண்ணீர் விடும். அம்மா இருந்தவரை அவன் பயந்ததில்லை. அம்மா போனதும் அது அவனைப் பார்த்தே கத்துகிறது என்று நினைத்துவிட்டான். ஒன்பது நாள் குளிக்கவில்லை. (உனக்கு ஆறு நாள்தான் ஆகியிருக்கிறது. என் சாதனையைத் தொடவில்லை.)

பத்தாம் நாள் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. குழாய்க்கு முன்னால் மண்டியிட்டு, நாடகத்தில் வருகிற சாமியார் மாதிரிக் குரலை வைத்துக்கொண்டு அதோடு பேசினேன். ஆமாம், கேலியாகத்தான். பேசி முடித்துத் திரும்பினால், இவன் என் பின்னாலேயே மண்டியிட்டுக் கண்ணீரோடு "ஆகட்டும்" என்கிறான். அம்மா பிரார்த்தனையை முடிக்கும்போது சொல்வாளே, அந்த 'ஆகட்டும்'. எழுந்தான். குழாயைத் திறந்தான். அது கத்தியது. பரவாயில்லை என்று அதைத் தட்டிக்கொடுத்தான்.

அப்புறம் நான் எப்படிச் சிரிப்பது? பிரஷ் கேட்டது, தட்டு கேட்டது. பதினேழு ஆயிற்று.

இந்தா, மூன்று அனுப்புகிறேன்.

குழாய்க்கு: "குழாயே, தூங்கிட்டு இருந்திருப்ப. எழுப்பிட்டோம். எங்கேயோ இருந்து தண்ணி கொண்டு வந்திருக்க. கத்தாமக் குடு."

பிரஷ்ஷுக்கு (கை பிரஷ் மேல், பேச்சு பல்லோடு): "பல்லே, இருக்கும்போதே உன் அருமை எங்களுக்குத் தெரியுது. விட்டுட்டுப் போகாத." (இது என் தொழிலுக்கு விரோதமான பிரார்த்தனை. பல் செட் செய்கிறவன் வாயிலிருந்து தினமும்.)

தட்டுக்கு: "தட்டே, நிறைஞ்சு வந்திருக்க. உன்னை நிறைச்சவங்க யாரும் பட்டினியா இருக்கக் கூடாது."

இடது கையைப் பொருளின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லிவிட்டு அவன் 'ஆகட்டும்' சொல்கிறவரை காத்திருக்க வேண்டும். ஒரு சொல்லும் சேர்க்காதே. நீ சேர்ப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

பெரியவன்

*

ஜூன் 25

பெரியவனுக்கு,

குளித்துவிட்டான்.

உன் மாமா காதில் விழக் கூடாது என்று பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். அறுபத்தொரு வயதில் குழாயின் தலையில் கை வைத்துக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்க்க நீ இல்லாமல் போனாயே என்று சந்தோஷப்பட்டேன். முதலில் 'இறைவா' என்று ஒன்று சேர்த்துத்தான் சொன்னேன். "அக்கா, தப்பு. மறுபடி" என்றான். முப்பத்திரண்டு வருஷம் எத்தனை பிள்ளைகளை மறுபடி சொல்லச் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். மறுபடி சொன்னேன். "ஆகட்டும்" என்றான். எனக்குத் தேர்ச்சி கிடைத்த மாதிரி இருந்தது, வெட்கக்கேடு.

தட்டுக்கு உள்ளதையும் சொல்கிறேன். முதல் நாள் அவனுக்காகச் சொன்னேன். நேற்று அவன் முன்பே சாப்பிட்டுவிட்டான். நான் தனியாக உட்கார்ந்தபோதும் கை தானாகத் தட்டில் போய்விட்டது. இதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் இன்னொரு விஷயம். காலையில் சாப்பிட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு, அவன் ஓயாமல் மடிக்கிற துண்டுகள் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறான். சாயங்காலம் விளக்குப் போடுகிறவரை அங்கேதான். சாப்பிட மட்டும் எழுந்து வருகிறான், அதுவும் செருப்போடு.

"எங்கடா கிளம்புற?" என்றேன். "அண்ணன் இன்னும் போகல" என்றான். "அண்ணன் போய் ஒரு மாசம் ஆச்சுடா." "போகல. சொல்லல."

தினமும் இதே பதில். நீ எதைச் சொல்லவில்லை? பதினேழில் மூன்றுதான் அனுப்பியிருக்கிறாய். இதற்கும் ஒன்று இருக்கிறது, இல்லையா?

அக்கா

*

ஜூலை 2

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வேலை தலைக்கு மேல். மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர், முப்பது வயதில் இருந்த மாதிரியே பல் வேண்டும் என்று கல்யாணப் போட்டோவைக் கொடுத்திருக்கிறார். போட்டோவில் மனிதர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். கல்யாணத்தன்றே விஷயம் புரிந்துவிட்டது போலிருக்கிறது.

மீதியை அனுப்பி வைக்கிறேன், தனித் தாளில். மின்விசிறி, குடை, சோப்பு, கண்ணாடி, தலையணை. சட்டைக்கு உள்ளது கொஞ்சம் நீளம். மேலிருந்து ஐந்து பொத்தான்: அப்பா, அம்மா, அக்கா, அண்ணன், கடைசி அவன். ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிப் போட வேண்டும். அப்பாவை விட்டுவிட்டு அம்மாவுக்குப் போனால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

செருப்புக்கு: "செருப்பே, முள்ளை நீ வாங்கிக்கிற, பேரு எங்க காலுக்கு." சொல்லிப் பார். கழற்றிவிடுவான்.

இடுப்பு வலி அதிகம், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

பெரியவன்

*

ஜூலை 8

பெரியவனுக்கு,

செருப்புக்குச் சொன்னேன். "ஆகட்டும்" என்றான். கழற்றவில்லை.

நாள் முழுக்கத் தொங்கப் போட்டு உட்கார்ந்து இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன. அவனுக்கு இதயம் பலமில்லை என்பது உனக்கு மறந்திருக்காது. டாக்டர் காலைத் தூக்கி வைக்கச் சொல்கிறார். தூக்கி வைத்தால் "அண்ணன் போகும்போது நான் நிக்கணும்" என்று இறக்கிவிடுகிறான்.

ஒரே ஒரு கேள்வி கேட்டேன். தாள் நிறைய எழுதிப் பதிலை மட்டும் விட்டுவிட்டாய். என்னிடம் படித்த பிள்ளைகள் இதைத்தான் செய்வார்கள்.

அக்கா

*

ஜூலை 14

அக்கா,

இருக்கிறது. கதவுக்கு ஒன்று இருக்கிறது.

தினமும் நான் பல் அச்சு வாங்கப் பல் டாக்டரிடம் கிளம்பும்போது சொல்வது. இரண்டு பேரும் கதவு நிலையில் ஆளுக்கொரு பக்கம் கை வைத்துக்கொள்வோம். நான் சொல்வேன், "கதவே, ஒருத்தன் போறான், ஒருத்தன் இருக்கான். ரெண்டு பேரையும் பாத்துக்கோ." இதற்கு 'ஆகட்டும்' கிடையாது. அவன் "போ" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் நான் போனதாகக் கணக்கு. கோபமாக இருந்தால் அரை மணி நேரம் சொல்ல மாட்டான். ஒரு நாள் நான் குடையைத் தொலைத்ததற்காக மதியம் வரை நிறுத்தி வைத்தான். டாக்டர் போன் மேல் போன். என்னவென்று சொல்வேன், ஆபீசர் லீவு தரவில்லை என்றா?

அன்றைக்கு உன் வீட்டில் நீ அவனுக்கு மீன் தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தாயே, அவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றானே. நான் பின்பக்கமாகப் போய்விட்டேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல், திருடன் மாதிரி.

இடுப்பைப் பார்த்த டாக்டர் இரண்டு வாரம் ஓய்வு என்றுதான் சொன்னார். 'இனி ஆகாது' என்பது என் சொந்தச் சரக்கு. களைத்துப் போய்விட்டேன், அக்கா. பன்னிரண்டு வருஷம், ஒரு நாளைக்குப் பதினேழு தடவை. ஒரே ஒரு காலையாவது சும்மா எழுந்து சும்மா குளிக்க வேண்டும் போலிருந்தது. வாசலில் நின்று சொன்னால் அவன் 'போ' சொல்ல மாட்டான் என்று பயம். அதற்கு மேல் இன்னொரு பயம், சொல்லிவிடுவானோ என்று.

முதல் கடிதத்தில் எழுதினேனே, அனுமதி கேட்காமல் குழாயைத் திறக்கிறேன் என்று. புளுகு. கை வைத்தால் வாய் தானாகச் சொல்கிறது. சொல்லி முடித்துவிட்டு நிற்கிறேன். 'ஆகட்டும்' வர வேண்டிய இடத்தில் எதுவும் வருவதில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நானே சொல்லிப் பார்த்தேன், அது செல்லுபடியாகவில்லை. இரண்டு நாள் குளிக்காமலே பல் டாக்டரிடம் போனேன். தட்டு ஆறிப்போகிறது. கேலிக்குக் கட்டிய கோயிலுக்குள் நானே மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தெரியாமல் நிற்கிறேன். நீ சிரிக்கலாம்.

எனக்குப் பதிலாக நீ சொல்லிவிடேன். நிலையில் கையை வைத்து, அண்ணன் சொல்லச் சொன்னான் என்று.

பெரியவன்

*

ஜூலை 19

பெரியவனுக்கு,

சொன்னேன். "அக்கா, நீ போகலயே" என்றான்.

நீதான் வர வேண்டும். 27, சனிக்கிழமை. பின்பக்கக் கதவைப் பூட்டி வைப்பேன்.

உன்னைத் திட்ட மூன்று தாள் எடுத்து வைத்திருந்தேன். எழுதவில்லை. அம்மா போன மறு வாரமே பரீட்சை என்று ஓடியவள் நான். அந்தப் பரீட்சையை யார் வேண்டுமானாலும் நடத்தியிருப்பார்கள். நாற்பது வருஷமாகத் தினமும் ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்கிறேன். கண்ணை மூடிக்கொண்டே செய்ததாலோ என்னவோ, தட்டை ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கு வேண்டியதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உன் பதினேழில் ஒன்றுகூட நமக்கென்று பெரிதாக எதையும் கேட்கவில்லை என்பதை நீ கவனித்தாயா? நீ எங்கே கவனித்திருக்கப் போகிறாய்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவனை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். மின்விசிறியைப் போடுவதற்கு முன் எழுந்து நின்று நான் அதற்குச் சொன்னேன். சிரித்தவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயந்திருப்பாள். பரவாயில்லை.

வா.

அக்கா

*

ஜூலை 30

அக்கா,

வீடு வந்து சேர்ந்தேன்.

நீ சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாய். உருட்டல் நின்றதும் கதவுக்கு அடியில் உன் கால் நிழல் தெரிந்தது. ஆகவே எல்லாம் உனக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். என் பையில் திரும்பி வர இரண்டு டிக்கெட் இருந்தது.

'போ' சொல்ல மாட்டான் என்று நினைத்தேன். அரை மணி நேரம், மதியம் வரை, சாயங்காலம் வரை நிறுத்தி வைப்பான், கடைசியில் "நானும்" என்பான். அந்த நேரத்தில் நான் தோளைக் குலுக்கிக்கொண்டு உன்னிடம், "என்ன செய்யச் சொல்ற அக்கா, ஆபீசர் உத்தரவு" என்று சொல்வதாக இருந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்த வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஸ்டூலிலிருந்து எழுந்தான். வீங்கின காலோடு நிமிர்ந்து நின்றான். நிலையில் கை வைத்தான். நான் சொன்னேன். என் சட்டையில் நாலாவது பொத்தான் திறந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணன்" என்று சொல்லிப் போட்டுவிட்டான். அப்புறம், "போ."

உடனே. கோபமே இல்லாமல். இரண்டு மாதம் வாயில் அடக்கி வைத்திருந்ததை இறக்கி வைத்த மாதிரி. செருப்பைக் கழற்றி மாமாவின் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தான். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மீன் தொட்டிக்கு எதையோ சொல்கிற சத்தம் கேட்டது. அது என்னுடையது இல்லை, நீ செய்ததாக இருக்கும். நல்ல மெட்டு.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். போகிறவனுக்குக் கால் தடுக்கும் என்று ஏதோ உளறி வைத்திருந்தேன்.

பஸ்ஸில் பக்கத்து இடம் காலி. "இங்க ஆள் வருதா?" என்று ஒருத்தர் கேட்டார். "வரல. உக்காருங்க" என்றேன். அவருக்கு மேல்வரிசை சரியாகப் பொருந்தவில்லை. வேறு யாரோ செய்தது.

கால் வீக்கம் வடிந்துவிடும், இல்லையா? நல்லதுதானே. நல்லதுக்குத்தானே வந்தேன்.

என்னைக் கேட்கிறானா?

பெரியவன்

*

ஆகஸ்ட் 9

பெரியவனுக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. ஸ்டூலை எடுத்துச் சமையலறையில் போட்டுவிட்டேன். நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான். உன்னைக் கேட்கவில்லை. கேட்கிறான் என்று எழுதலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். எனக்குப் பொய் வராது.

இரண்டாவது டிக்கெட் விஷயம். நீ கேட்டிருந்தாலும் நான் அவனை அனுப்பியிருக்க மாட்டேன். அதையும் தெரிந்துகொள். அவன் இப்போது எனக்கும் வேண்டும்.

ஒன்று மட்டும். நேற்றுத் துண்டு மடித்துக்கொண்டே கேட்டான், "அண்ணன் வீட்டுல ஆகட்டும் யாரு?" உன்னை விசாரித்தானா, இல்லை அந்த வேலை யாருக்குப் போயிற்று என்று விசாரித்தானா, எனக்குத் தெரியவில்லை. "யாரும் இல்லடா" என்றேன். மடிப்பதை நிறுத்தவில்லை. மறந்துவிட்டான் என்று நான் நினைத்தேன்.

இன்று காலை உனக்கு எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து நின்றான். இதுவரை எழுதியதைப் பிடுங்கி மேஜை மேல் வைத்து இடது கையை வைத்தான். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினேழிலும் இது இல்லை. அவனாகவே சொன்னான். அப்படியே எழுதுகிறேன்:

"பேப்பரே, அண்ணன் தனியா இருக்கான். நீ போய் உக்காரு. அண்ணன் பேசினா கேளு. சாப்பிடும்போது கூட இரு."

இனி தினமும் என்னிடம் கேட்பான், பேப்பர் போச்சா, உக்காந்துச்சா என்று. எனக்குப் பொய் வராது என்று மேலேயே எழுதிவிட்டேன். அதனால் இதைப் படித்துவிட்டு மேஜை டிராயரில் பற்களோடு போட்டுவிடாதே. சாப்பிட உட்காரும்போது எதிர் நாற்காலியில் வை. மடித்து வைக்காதே, விரித்து வை. காற்றில் பறக்காமல் மேலே ஏதாவது பாரம் வை.

வைத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

அக்கா